எஸ்எஃப்ஐ 180, கேபி 2, ஆனா நட்டநடுப் பகல்ல 20 மீட்டர் காலி: சேலத்துல கண்டிஷனை எதை வச்சுப் பார்க்கறது?

#1 கொலுசுப்பட்டறை

எல்லாருக்கும் வணக்கம். அமெச்சூர் (ஹாம்) ரேடியோ சந்தேகம் ஒன்று. இடம் செவ்வாய்ப்பேட்டை. ஆண்டெனா 20 மீட்டர் பேண்டுக்கு (14 மெகாஹெர்ட்ஸ்) வெட்டின இன்வெர்ட்டட் வி, அதாவது தலைகீழ் வி வடிவக் கம்பி, உச்சி தரையில இருந்து 10 மீட்டர். ரிக் (ரேடியோ செட்) 100 வாட். இன்டர்நெட்ல வர்ற சூரிய நிலவரப் பலகை ஒரு வாரமா எஸ்எஃப்ஐ (சூரிய ரேடியோ ஃப்ளக்ஸ்) 180, கேபி (காந்தப் புயல் குறியீடு) 2, "20 மீட்டர் பகல்: நன்று"ன்னே காட்டுது. இங்க காலை 11-ல இருந்து மதியம் 2 வரை 14 மெகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் எஸ்7 (சிக்னல் மீட்டர் அளவு), குரல் எதுவும் இல்லை. எஃப்டி8-ல (கம்ப்யூட்டர் பிரிச்செடுக்கற டிஜிட்டல் முறை) மட்டும் ஒன்றிரண்டு ஐரோப்பா வருது. பலகை பொய்யா, ஆண்டெனா பொய்யா? எந்த எண்ணை நம்பறது?

#2 பழைய_வால்வு

தம்பி, பலகையும் பொய் இல்லை, ஆண்டெனாவும் பொய் இல்லை. அந்தப் பலகைக்கு நீங்க சேலத்துல இருக்கீங்கன்னு தெரியாது, அவ்வளவுதான். இரண்டு மூன்று எண்ணை ஒரு சூத்திரத்துல போட்டு உலகம் முழுக்க ஒரே பதில் சொல்லுது.

இப்ப ஏப்ரல் மூன்றாவது வாரம். சேலம் 11.66 பாகை வடக்கு. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் நடுப்பகல்ல சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா நிற்கும். டி அடுக்கு (பகல்ல சிக்னலைத் தின்னற கீழ் அயனி அடுக்கு) உறிஞ்சல் உச்சத்துல இருக்கற நேரம் அது. மதியம் 12-ன்னா யூடிசி (உலகப் பொது நேரம்) 6:30, லண்டன்ல விடிஞ்சு முடிஞ்சாச்சு. இடையில 8,200 கிலோமீட்டரும் வெயில். நாலு தாவல்னா (மேல் அடுக்குல பட்டுத் தரைக்குத் திரும்பறது ஒரு தாவல்) சிக்னல் டி அடுக்கை எட்டு முறை கடக்கணும். ஒவ்வொரு தடவையும் கப்பம் கட்டிட்டுத்தான் போகும்.

உறிஞ்சல் ஏறத்தாழ அதிர்வெண்ணோட வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 14-ல இருக்கறதுல கால் பங்குதான் 28-ல. ஃப்ளக்ஸ் 180-ன்னா மதியம் 21, 24, 28-ஐத் திறந்து பாருங்க. 14-ஐ மாலை 4-க்கு மேல தொடுங்க.

#3 சரிவு_1500

மேலே சொன்னதோடு, எண்கள் எப்போது பிறக்கின்றன என்பதையும் கவனியுங்கள். எஸ்எஃப்ஐ என்பது 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அதாவது 2,800 மெகாஹெர்ட்ஸில், சூரியன் வெளியிடும் வானொலி இரைச்சல். கனடாவின் பென்டிக்டனில் அளக்கிறார்கள். அதிகாரபூர்வமாக எடுத்துக்கொள்ளப்படும் அளவு யூடிசி 20 மணியினுடையது. நமக்கு நள்ளிரவு தாண்டி 1:30. ஆக, பகல் முழுக்க நாம் பார்ப்பது முந்தின இரவு எடுத்த எண். அளக்கும் நேரத்தில் ஒரு வெடிப்பு நடந்திருந்தால் அது பொய்யாக வீங்கியும் இருக்கும். ஒரே நாளில் 150-லிருந்து 200-க்கு ஏறிவிட்டது என்று 28-க்கு ஓடாதீர்கள். ஒரு வாரச் சராசரியைப் பாருங்கள்.

கேபி மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. நம் கடிகாரத்தில் 5:30, 8:30, 11:30, 2:30 என்று கட்டங்கள் மாறும். 11 மணிக்குப் பலகையில் "2" என்று நின்றால் அது 8:30-க்கு முடிந்த கட்டமாகவும் இருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, நாம் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம் என்பது. அது இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பட்டையில் எஃப்2 அடுக்கு (சிக்னலைத் தரைக்குத் திருப்பும் மேல் அயனி அடுக்கு) பகலில் ஐரோப்பாவில் இருப்பதைவிட அடர்த்தியாகவும் உயரமாகவும் நிற்கும். ஐரோப்பியருக்கு 28 மூடிக் கிடக்கும் நாளில் நமக்குத் திறந்திருப்பது சாதாரணம். "நன்று, சுமார், மோசம்" என்ற மூன்று சொல்லுக்குள் இது அடங்காது. கண்டிஷன் நல்லதா என்று கேட்காதீர்கள்; எந்த ஊருக்கு, எந்த பேண்டில், எந்த மணிக்கு என்று கேளுங்கள்.

#4 பீக்கன்_பித்து

வந்தேன் வந்தேன். பலகையை மூடுங்க, காதைத் திறங்க.

என்சிடிஎக்ஸ்எஃப் பீக்கன்கள் (தானா சிக்னல் அனுப்பற சோதனை நிலையங்கள்) மொத்தம் 18. ஐந்து அலைவரிசை: 14.100, 18.110, 21.150, 24.930, 28.200. ஒவ்வொரு நிலையமும் 10 நொடி அனுப்பிட்டு அடுத்த பேண்டுக்குத் தாவும். 18 முடிய 3 நிமிஷம், திரும்ப முதல்ல இருந்து. சுற்று மணி அடிச்சதும் தொடங்கும், அப்புறம் மூணால வகுபடற ஒவ்வொரு நிமிஷத்துலயும். யூடிசிக்கும் நமக்கும் 5 மணி 30 நிமிஷம், அந்த 30-ம் மூணால வகுபடும். அதனால மாத்திக் கணக்குப் போட வேண்டாம், கைக்கடிகாரமே போதும்.

14.100-ல சுற்று தொடங்கினதுல இருந்து (நிமிஷம்:நொடி) நமக்கு வேண்டியது இவங்க:

0:00 நியூயார்க்
0:20 கலிபோர்னியா
0:50 மேற்கு ஆஸ்திரேலியா, பெர்த் பக்கம்
1:00 ஜப்பான்
1:20 ஹாங்காங்
1:30 கொழும்பு
1:40 தென்னாப்பிரிக்கா
1:50 கென்யா
2:00 இஸ்ரேல்
2:10 பின்லாந்து

18.110-க்கு இதோட 10 நொடி, 21.150-க்கு 20, 24.930-க்கு 30, 28.200-க்கு 40 கூட்டிக்கோங்க. ரிக்கை சிடபிள்யூ (மோர்ஸ்) மோடுல போட்டு 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர். ஏஜிசியை (ஒலியளவைத் தானா சரிபண்றது) வேகமா வைங்க, மெதுவா வச்சா பின்னாடி வர்ற சின்னக் கோடுகளை அதுவே அமுக்கிடும்.

ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு 22 சொல் வேகத்துல பேரைச் சொல்லிட்டு ஒரு நொடிக் கோடு நாலு போடும். பேரும் முதல் கோடும் 100 வாட். அடுத்தது 10, அதுக்கடுத்தது 1, கடைசி 0.1 வாட். படிக்குப் படி 10 டிபி (டெசிபல்), அதாவது பத்து மடங்கு. இது இலவசமா கிடைக்கிற அளவுகோல். முதல் கோடு மட்டும் கேட்டா வழி இருக்கு, ஆனா இழுபறி. குரல்ல வசதியா பேசணும்னா 1 வாட் கோடு காதுல விழணும். பெரும்பாலான பீக்கன் சாதா வெர்டிகல் ஆண்டெனாலதான் ஓடுது, அதனால நம்ம 100 வாட்டோட ஒப்பிடறது நியாயம்.

எச்சரிக்கை ஒன்று: 18-ம் எப்பவும் ஓடாது. சிலது மாசக்கணக்குல மௌனமா கிடக்கும். இப்ப எது உயிரோட இருக்குன்னு பட்டியலைப் பார்த்துட்டு உட்காருங்க, இல்லாட்டி செத்த பீக்கனை வச்சு "அந்தப் பக்கம் மூடிருச்சு"ன்னு தீர்ப்பு எழுதிடுவீங்க.

#5 ஓமலூர்_டிஜிட்டல்

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? 14.074, 21.074, 28.074-ல ஆளுக்கு அஞ்சு நிமிஷம் எஃப்டி8 ஓட விடுங்க, பிஎஸ்கே ரிப்போர்ட்டர் வரைபடத்துல எம்கே91-ங்கற நம்ம சேலம் கட்டத்தைப் பாருங்க. யார் கேட்கறாங்க, யாரை நாம கேட்கறோம், எல்லாம் படமா வந்துடும். 18 பீக்கனுக்குப் பதிலா ஆயிரக்கணக்குல நிலையம்.

#6 பழைய_வால்வு

படம் அழகு. ஆனா எஃப்டி8 மைனஸ் 20 டிபி வரை பிரிச்செடுக்கும். எஸ்எஸ்பி (குரல் முறை) காதுக்கு வசதியா பிளஸ் 10 வேணும். இடைவெளி 30 டிபி, அதாவது திறன்ல ஆயிரம் மடங்கு. எதிர்ல இருக்கறவர் 5 வாட்டா, கிலோவாட்டா, மூணு எலிமென்ட் பீமா (திசை ஆண்டெனா)ன்னு அந்தப் படம் சொல்லாது. #1-ல கேட்ட சந்தேகமே இதுதானே, எஃப்டி8-ல வருது, குரல்ல வரலைன்னு.

#7 ஓமலூர்_டிஜிட்டல்

திறன் தெரியணும்னா விஸ்பர் (சின்னத் திறன்ல அனுப்பற டிஜிட்டல் முறை) இருக்கு ஐயா. செய்தியிலேயே அழைப்புக்குறி, கட்டம், திறன் மூணும் வரும். 37-ன்னு போட்டிருந்தா 5 வாட், 23-ன்னா 200 மில்லிவாட். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. 24 மணி நேரம் ஓடவிட்டா எந்த மணிக்கு எந்தப் பக்கம் திறக்குதுன்னு வரைகோடே கிடைக்கும். பீக்கன் கேட்க ராத்திரி 2 மணிக்கு யார் உட்கார்றது?

குரலுக்கு என் கணக்கு: எஃப்டி8-ல ஒரே நாட்டுல இருந்து நாலஞ்சு பேர் 0 டிபிக்கு மேல வந்தா மைக்கைத் தொடலாம். மைனஸ் 10-க்குக் கீழ மட்டும்னா வேண்டாம்.

#8 பீக்கன்_பித்து

விஸ்பர்ல எனக்குச் சண்டை இல்லை. எஃப்டி8 படத்தை வச்சு "பேண்ட் ஓப்பன்"னு வாட்ஸ்அப்ல கூவறவங்க மேலதான் சண்டை.

#9 சரிவு_1500

பீக்கன்களைத் தனித்தனி ஊராகக் கேட்காமல் திசையாகக் கேட்டால் இன்னும் நிறையக் கிடைக்கும். சேலத்திலிருந்து பெருவட்டக் கணக்கு இது, அதாவது மிகக் குறுகிய வழியின் திசை, வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில்:

லண்டன் 320 பாகை. நியூயார்க் 335. கலிபோர்னியா 20. டோக்கியோ 55. இஸ்ரேல் 304. பெர்த் 141. பின்லாந்து 333. மாஸ்கோ 333.

கடைசி இரண்டையும் நியூயார்க்கோடு வைத்துப் பாருங்கள். ஒரே கோடு. ஆகவே 14.100-ல் 2:10-க்கு வரும் பின்லாந்து வெறும் பின்லாந்து அல்ல. அமெரிக்கக் கிழக்குக் கரையின் பாதி வழி. அது கரகரத்துத் துடித்தால் நியூயார்க் அன்றைக்குக் கிடையாது. இதற்கு இன்னொரு சாட்சி மாஸ்கோவின் நேர நிலையமான ஆர்டபிள்யூஎம். 4.996, 9.996, 14.996 மூன்றிலும் இருக்கும், ஒவ்வொரு மணியின் 9-வது, 39-வது நிமிடத்தில் மோர்ஸில் பெயர் சொல்லும். 9.996 நன்றாகவும் 14.996 இல்லாமலும் இருந்தால் அந்தத் திசையில் எம்யூஎஃப் (அடுக்கு திருப்பும் உச்ச அதிர்வெண்) 15-க்குக் கீழே இறங்கிவிட்டது. தலைகீழாக இருந்தால் வழி திறந்திருக்கிறது, கீழே உறிஞ்சல்தான் தடுக்கிறது. இந்த ஒரு ஒப்பீடு பலகையின் பத்து எண்ணுக்குச் சமம்.

லண்டன் 320 என்றால் அதன் லாங் பாத் (உலகின் மறுபக்கமாகச் சுற்றும் வழி) 140. பெர்த் 141. பெர்த் பீக்கன் பலமாக வரும் நேரத்தில் ஐரோப்பியச் சிக்னல் எதிரொலியோடு கேட்டால் அது முதுகுப் பக்கமாகச் சுற்றி வருகிறது என்று சந்தேகப்படலாம்.

கேபியையும் இப்படித்தான் படிக்க வேண்டும். கேபி 5 என்றால் எல்லாம் முடிந்தது என்று ரிக்கை அணைக்கிறார்கள். கலிபோர்னியா, நியூயார்க் வழிகள் துருவ ஒளி வளையத்தை ஒட்டிப் போகின்றன, அவை முதலில் விழும். பிறகு பின்லாந்து. ஜப்பான், ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா துருவ ஒளி வளையத்தைத் தொடாத வழிகள். சாதாரணப் புயலில் பெரும்பாலும் தாங்கும். 2024 மே 10-ல் வந்ததுபோல, லடாக்கின் ஹன்லேயில் வானம் சிவந்து படமானதே, அந்த அளவுப் புயல் என்றால் வேறு கதை.

#10 கொலுசுப்பட்டறை

சொன்னபடி நேற்று மதியம் 12-ல இருந்து 12:30 வரை உட்கார்ந்தேன். 28.200-ல ஆஸ்திரேலியா முதல் இரண்டு கோடு, ஜப்பான் முதல் கோடு. 21.150-ல இஸ்ரேல் முதல் கோடு. 14.100-ல கென்யா, பின்லாந்து எதுவுமில்லை. ஆனா 1:20-க்கு ஹாங்காங் அட்டகாசம், எஸ்9-க்கும் ரொம்ப மேல, 0.1 வாட் கோடுகூட இரைச்சலுக்கு மேல லேசா தெரியுது. அப்ப ஹாங்காங் பக்கம் 14 மதியத்திலயும் திறந்திருக்குன்னு எடுத்துக்கலாமா?

#11 பழைய_வால்வு

எடுத்துக்காதீங்க. கடிகாரத்தைப் பாருங்க முதல்ல.

#12 பீக்கன்_பித்து

ஐயா சொன்னது சரி. நட்டநடுப் பகல்ல 14-ல ஹாங்காங் 0.1 வாட்டுக்குக் கேட்காது. உங்க கடிகாரம் 10 நொடி பின்தங்கி ஓடுது. நீங்க கேட்டது கொழும்பு. ஹாங்காங் முடிஞ்ச அடுத்த 10 நொடி கொழும்புதான்.

பேரைக் கேட்டு உறுதி பண்ணுங்க. ஹாங்காங் விஆர்2பி, தொடக்கம் மூணு புள்ளி ஒரு கோடு. கொழும்பு 4எஸ்7பி, தொடக்கம் நாலு புள்ளி ஒரு கோடு. இரண்டும் முடியறது ஒரே பி-ல. 22 சொல் வேகத்துல ஒரு புள்ளி தவறினா நாடே மாறிடும். இரண்டாவது எழுத்துல பிடிங்க: கொழும்புக்கு மூணு புள்ளி, ஹாங்காங்குக்கு புள்ளி-கோடு-புள்ளி.

போன் நேரத்தை நம்பிக் கைக்கடிகாரத்தை வைக்காதீங்க, கம்ப்யூட்டர்ல நேரச் சர்வரோட ஒத்து வைங்க. எஃப்டி8-க்கு வேண்டிய ஒரு நொடித் துல்லியம் இருந்தா இதுக்குத் தாராளம். அப்புறம் உங்க லிஸ்ட்ல மீதியையும் 10 நொடி தள்ளிப் படிங்க: 28.200-ல நீங்க ஆஸ்திரேலியான்னது ஜப்பான், ஜப்பான்னது நோவோசிபிர்ஸ்க், 21-ல இஸ்ரேல்னது பின்லாந்து.

#13 சரிவு_1500

கொழும்பு என்றால் அந்தச் சிக்னலிலிருந்து ஒரு கணக்கே போடலாம். சேலம்–கொழும்பு சுமார் 560 கிலோமீட்டர். பாதி 280. எஃப்2 உயரம் 350 என்று வைத்தால் சாய்வு வழி 448. 448-ஐ 350-ஆல் வகுத்தால் 1.28. 14.1 மெகாஹெர்ட்ஸ் இவ்வளவு செங்குத்தாகப் போய்த் திரும்புகிறது என்றால் தலைக்கு மேல் எஃப்ஓஎஃப்2 (நேர் மேலே அனுப்பினாலும் திரும்பும் உச்ச அதிர்வெண்) குறைந்தது 11 மெகாஹெர்ட்ஸ். இது நல்ல பகல். ஒரு நாள் கொழும்பு 14.100-ல் மறைந்து தூரத்து பீக்கன்கள் மட்டும் இருந்தால், அடுக்கு மெலிந்து ஸ்கிப் (சிக்னல் தாண்டிப் போகும் இடைவெளி) நீண்டுவிட்டது என்று பொருள். கொழும்பு நமக்கு வெப்பமானி மாதிரி.

ஆண்டெனாவைப் பற்றியும் அது சொல்லிவிட்டது. 14-ல் 10 மீட்டர் என்பது அரை அலைநீளம். முக்கிய மடல் (சிக்னல் அதிகம் கிளம்பும் கோணம்) தரையிலிருந்து 30 பாகைக்குப் போகும். 350 கிலோமீட்டர் உயர அடுக்கில் 30 பாகைக்கு ஒரு தாவல் 1,070 கிலோமீட்டர்தான். 15 பாகைக்கு 1,940. 10-க்கு 2,450. 5-க்கு 3,160. லண்டனுக்கு 30 பாகையில் எட்டுத் தாவல், 10 பாகையில் நான்கு. அதே உயரம் 28-ல் ஒரு முழு அலைநீளம், மடல் 15 பாகைக்குக் கீழிறங்கும். ஆகவே அதே கம்பத்தில் 28-க்கு ஒரு டைபோல் (இரண்டு கால் கம்பி ஆண்டெனா), கால் ஒன்று சுமார் 2.5 மீட்டர் வீதம், கட்டினால் போதும்; கம்பத்தை உயர்த்தத் தேவையில்லை.

#14 ஓமலூர்_டிஜிட்டல்

ஏற்காட்டுக்கு ஏறிட்டா இதெல்லாம் தீர்ந்துடுமே? 1,500 மீட்டர் உயரம்.

#15 சரிவு_1500

கடல் மட்டத்திலிருந்து உயரம் தனியாக ஒன்றும் தராது. எஃப்2-க்கு 350 கிலோமீட்டர். அதில் ஒன்றரை போனால் என்ன. உதவுவது சரிவு. ஆண்டெனாவுக்கு முன்னால் தரை விழுந்துகொண்டே போனால் மடல் அந்த அளவுக்குத் தாழும். ஏரியைச் சுற்றி இருப்பது கிண்ணம். அங்கே கட்டினால் நகரத்தைவிட மோசமான தொடுவானம். லேடீஸ் சீட் பக்க விளிம்பு நகரத்தைப் பார்த்து விழுகிறது. ஆப்பிரிக்காவுக்கும் லாங் பாத்துக்கும் நல்லது, ஐரோப்பாவுக்கு அல்ல.

நகரத்திலிருந்து பார்த்தால் மலை எதிரி. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தெற்கு விளிம்பு சுமார் 14 கிலோமீட்டர், உயர வேறுபாடு 1,100 மீட்டர் அளவு: நாலரை பாகை. திசை ஏறத்தாழ 20, சரியாகக் கலிபோர்னியா வழியில். கன்னங்குறிச்சியிலிருந்து அதே விளிம்பு 8 பாகையை ஒட்டி வரும். தூரத்து வழிகள் பெரும்பாலும் 3 முதல் 10 பாகைக்குள் வந்து சேர்வதால் கன்னங்குறிச்சிக்காரருக்குக் கலிபோர்னியா பாதி மறைந்தது. லண்டன் திசை ஓமலூர் பக்கம், திறந்த வெளி.

மலையில் நிச்சயமான லாபம் இரைச்சல். காப்பித் தோட்டத்துக்குள் எஸ்2-க்கு இறங்கும். எஸ்7-லிருந்து எஸ்2 என்றால், படிக்கு 6 டிபி வீதம் 30 டிபி. #6-ல் சொன்ன அதே ஆயிரம் மடங்கு.

#16 பழைய_வால்வு

அந்த எஸ்7-ஐ மாடியிலேயே கொஞ்சம் குறைக்கலாம். ரிக்கை 12 வோல்ட் பேட்டரில போட்டு வீட்டு மெயினை இறக்குங்க. இன்வெர்ட்டர் தானா எடுத்துக்கும், அதையும் அணைக்கணும். பல பேர் இதை மறந்துட்டு "வெளி இரைச்சல்"னு முடிவு கட்டறாங்க. மீட்டர் எஸ்4-க்கு விழுந்தா திருடன் வீட்டுக்குள்ள. ஒவ்வொரு பிரேக்கரா ஏத்திப் பாருங்க. பிஎல்டிசி மின்விசிறி, எல்இடி பல்பு, வைஃபை அடாப்டர், வழக்கமான கைதிகள் இவங்கதான்.

விழலைன்னா தெரு. அப்ப ஃபீட்லைன்ல (ஆண்டெனாவுக்குப் போற கேபிள்) மிக்ஸ் 31 ஃபெரைட் வளையம், எஃப்டி240 அளவு, கோஆக்ஸ் 10 சுற்று, ஆண்டெனா முனையில ஒன்று, ரிக் பக்கம் ஒன்று. கேபிள் உறை வழியா ஏறி வர்ற இரைச்சலை அது வெட்டும். மஞ்சள் பூசின இரும்புத்தூள் வளையத்தை ஃபெரைட்னு கொடுத்துடுவாங்க கடையில, பார்த்து வாங்குங்க. அது இங்க ஒண்ணுக்கும் உதவாது.

#17 பீக்கன்_பித்து

இரைச்சல் பற்றி இன்னொன்று. பகல்ல திடீர்னு எல்லா நிலையமும் மறைஞ்சா ரிக்கைக் கழட்டாதீங்க. எம் அல்லது எக்ஸ் வகுப்பு சூரிய வெடிப்பா இருக்கும். ரேடியோ தடை அளவுல எம்1-னா ஆர்1, எம்5-னா ஆர்2, எக்ஸ்1-னா ஆர்3. கீழ் பேண்ட் முதல்ல போகும், 28 கடைசியா. திரும்பறப்ப 28 முதல்ல. மலையில இருந்தா வான இரைச்சலும் சேர்ந்து விழும், பேண்ட் செத்த மாதிரி இருக்கும். ஊர்ல எஸ்7 அப்படியே நிற்கும், நிலையம் மட்டும் காணாம போகும். எஸ்7-ம் சேர்ந்து விழுந்தா அது சூரியன் இல்லை, உங்க கோஆக்ஸ் கனெக்டர்.

#18 ஓமலூர்_டிஜிட்டல்

ராத்திரி 7:30-க்கு மேல ஐரோப்பா குரல் எல்லாம் தண்ணிக்குள்ள பேசற மாதிரி குழறுதே, அது புயலா? கேபி 1-தான் காட்டுது.

#19 சரிவு_1500

புயல் இல்லை. சூரியன் மறைந்ததும் நம் பகுதியில் எஃப் அடுக்கு மேலே எழும்பி, பிறகு குமிழி குமிழியாகக் கிழியும். எஃப் பரவல் என்பார்கள். சூரியச் சுழற்சி உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில், பிப்ரவரி–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபரில் அதிகம். கேபி தாழ்ந்த அமைதியான நாட்களில்தான் நன்றாக விளையும், பலகை இதைக் காட்டவே காட்டாது. எஃப்டி8 சிக்னல் பலமாக இருந்தும் பிரிபடாமல் போவது இதன் அடையாளம். நள்ளிரவு வாக்கில் பெரும்பாலும் தணியும். அதுவரை சிடபிள்யூவை மெதுவாக அனுப்புங்கள்.

#20 பழைய_வால்வு

கலிபோர்னியா கேட்கறவங்க டிசம்பருக்குக் காத்திருங்க. டிசம்பர் 20 வாக்குல நமக்கு விடியறது 6:30-ஐ ஒட்டி. அதே நிமிஷங்கள்ல சான்பிரான்சிஸ்கோல சூரியன் மறையுது. துருவம் முழுக்க இருட்டு. 7 மெகாஹெர்ட்ஸ், 6 மணில இருந்து 6:50 வரை. கேபி 2-க்கு மேல இருந்தா எழுந்திருக்க வேண்டாம், தூங்குங்க.

#21 கொலுசுப்பட்டறை

கடிகாரம் 11 நொடி பின்னாடி ஓடிருக்கு, சரி பண்ணிட்டேன். 14.100-ல 1:30-க்கு நாலு புள்ளி ஒரு கோடு, கொழும்பேதான். மெயினை இறக்கினதும் எஸ்7 எஸ்5 ஆச்சு. மாடிப்படி எல்இடி பல்பு ஒன்று மட்டும் ஒரு படி. இன்னிக்கு 28.200-ல 12:10-க்கு ஜப்பான் 10 வாட் கோடு வரை. 28-க்கு 2.5 மீட்டர் கால் வெட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இன்வெர்ட்டட் வி-ன்னா இன்னும் கொஞ்சம் நீளமா விடணுமா?

#22 பழைய_வால்வு

2.6 விட்டு வெட்டுங்க. முனையில மடிச்சு முறுக்கி 28.4-ல எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா பொருத்தம் காட்டற அளவு) குறையற வரை சுருக்குங்க. வெட்டினதை ஒட்ட முடியாது.